கொம்பு வைத்த ஐரிஸ்

எண்பதுகளின் கடைசியில், லண்டனின் தெற்கே சட்டனில் கவுன்சில் வாடகைக்குத் தந்த தோட்டத்துண்டு ஒன்றை நானும் என்னைவிடப் பத்து வயது மூத்த நண்பர் ஒருவரும் பங்குபோட்டு வைத்திருந்தோம். இருவருக்கும் ஐரிஸ் பூப் பைத்தியம். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி, விதை எடுத்து முளைக்கவைத்து, என்ன பூ வருமோ என்று மூன்று வசந்தம் காத்திருக்கும் பைத்தியம்.

ரசனையில் மட்டும் நாங்கள் எலியும் பூனையும். ஐரிஸின் தொங்கும் இதழ்கள் மூன்றிலும் தாடிபோல ஒரு மயிர்க்கோடு இருக்கும். சில கலப்புகளில் அந்தத் தாடியின் நுனி இதழை விட்டு எழும்பி, கொம்பாகவோ கரண்டியாகவோ நீளும். எங்கள் ஐரிஸ் சங்கத்தில் பாதிப்பேர் அதை அழகு என்றார்கள். மீதிப்பேர் விகாரம் என்றார்கள். நான் விகாரக் கட்சி. அவர் கொம்புக் கட்சி.

"உம்முடைய பூ வெள்ளைச் சேர்ட்டு மாதிரி. கலியாண வீட்டுக்கும் போடலாம், செத்த வீட்டுக்கும் போடலாம்" என்று என் வெள்ளை ஐரிஸ்களைப் பார்த்துச் சொல்வார். அதையே சங்கக் கூட்டத்தில் ஆங்கிலத்திலும் சொல்லிச் சிரிப்பு வாங்கினார். எனக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அவருடைய சொந்தக் கலப்பில் ஒருமுறைகூடக் கொம்பு வந்ததில்லை. கடைசியாக நட்ட வரிசையில் ஒரே ஒரு கன்றுதான் தப்பியது. அது பூக்கவேண்டிய மே மாதத்தில் அவர் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி வீடு திரும்பமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

"பூத்தால் வெட்டிக்கொண்டு வாரும். ஒருக்காப் பார்த்தால் போதும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலையில் பூத்திருந்தது. பழுப்பும் ஊதாவும் கலந்த அழுக்கு நிறம். மூன்று தாடியிலும் மூன்று கொம்புகள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதைவிட, இதைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாரே என்ற நினைப்புத்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அழுகிய ஐரிஸ் கிழங்குகளை எரிக்கத் தகரப் பீப்பாவில் நெருப்பு மூட்டியிருந்தேன். கன்றைக் கிழங்கோடு கிளப்பி அதற்குள் போட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசித்துத்தான் செய்தேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய் திறக்கமுன்னமே கேட்டார்.

"பூத்ததோ?"

"ஓம் அண்ணை."

"கொம்பு?"

"இல்லை, சாதாரணப் பூத்தான். மழையில அடிபட்டுப் போச்சு. அதுதான் கொண்டுவரேல்லை."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார்.

"கொம்பு கொம்பெண்டு இத்தனை வருசத்தை வீணாக்கிப்போட்டன். நீர் சொன்னதுதான் சரி."

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க எத்தனையோ வருடம் காத்திருந்தவன் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் இறந்த செய்தி வரும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.