வெந்நீர்க் கலண்டர்

நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிறகு வந்த இரண்டாவது சனிக்கிழமை அது. இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஒரு கலண்டர். பண்டாரவளைக் கடையொன்றில் கொடுத்த அந்தக் கலண்டர் இன்றும் என்னிடம் இருக்கிறது.

ஹாலிஎலைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சற்றுத் தள்ளி எங்கள் வீடு. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவுக்கு அந்த வருஷம் தை மாதம் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. தைலம் தேய்த்து நல்ல சூட்டில் தண்ணீர் ஊற்றினால் கைகால் திரும்பும் என்றார் வைத்தியர். விறகு சுமந்தே அம்மாவுக்கு இடுப்பு ஒடிந்தது. அதைப் பார்த்துவிட்டு, கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஷவரோடு ஒரு ஹீட்டரைப் பொருத்தினார்.

அது ஒரு நாளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. திடீரென்று கொதிக்கும், பிறகு நூல் போல ஒழுகும், அப்புறம் பச்சைத் தண்ணீர்.

"இது என்னாடா, மனுசன் குளிக்கவா, கோழி உரிக்கவா?" என்றாள் அம்மா.

மாமா விடவில்லை. ஷவர்த் துளைகளில் அடைத்த மணலை ஊசியால் குத்தி எடுத்தார். குழாய் மூட்டுகளைக் கழற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைக் குளியலறைக்கு வெளியே உட்காரவைத்தார். யார் குளித்தாலும் எத்தனை மணி, தண்ணீர் எப்படி என்று கலண்டரில் எழுத வேண்டும். உள்ளே போய்ப் பார்க்க முடியாது என்பதால் சத்தத்தை வைத்து எழுதினேன். 'ஐயோ' என்றால் சூடு. 'ஸ்ஸ்' என்றால் பச்சை. சத்தமே இல்லையென்றால் சரி.

பத்து நாளில் மாமா கண்டுபிடித்துவிட்டார். மலை ஊற்றிலிருந்து வரும் ஒரே பைப்தான் எங்களுக்கும் லயங்களுக்கும். காலையில் வேலைக்குப் போகுமுன்னும் மாலையில் திரும்பிய பின்னும் லயத்தில் எல்லாரும் குழாயைத் திறப்பார்கள். எங்கள் தண்ணீரின் வேகம் குறையும். மெதுவாக வரும் தண்ணீர் ஹீட்டருக்குள் கொதித்துவிடும். இன்னும் குறைந்தால் ஹீட்டரே நின்றுவிடும்.

"பத்து மணிக்கு எல்லாரும் மலையில. மச்சானுக்கு இனி பத்து மணிதான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமையும் அப்பாவுக்குத் தைலம் தேய்த்து, ஷவருக்கு அடியில் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்தார். தண்ணீர் இடத் தோளில் விழும்படி கதிரையைத் திருப்பி, தன் கையை நீட்டிச் சூடு பார்த்தார். அப்பாவுக்குக் கூச்சம்.

"நீ போ மாப்ள. கதவச் சாத்திட்டுப் போ."

மாமா தேத்தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கீழ் லயத்தில் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. தோட்டத்தில் சாவு விழுந்தால் மலையில் வேலையை நிறுத்திவிடுவார்கள். பெண்கள் கூடையோடு இறங்கி வருவதும், சாவு வீட்டுக்குப் போகுமுன் கைகால் கழுவக் குழாயடியில் கூடுவதும் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது. 'தப்பு' என்று அதையும் கலண்டரில் எழுதினேன். எதையும் எழுதாமல் விட எனக்கு மனம் வராது.

"அப்பா, சுடுதா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நல்லா இருக்கு."

'10.25 – சரி' என்று எழுதினேன்.

அம்மா வந்து துவாயால் துடைத்தபோது தோளின் தோல் துவாயோடு வந்தது. அம்மாதான் கத்தினாள். "ஏன் கத்துற?" என்று அப்பா கேட்டார்.

பதினேழு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பதினெட்டாம் நாள் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எங்கள் வாசலில் தப்பு அடித்தது. அன்றும் மலையில் வேலை நின்றது.

எல்லாம் முடிந்த பிறகு மாமா கலண்டரைச் சுவரிலிருந்து இறக்கினார். அந்தச் சனிக்கிழமையில் நான் எழுதிய 'சரி'யின் மேல் விரலை வைத்து, "இத எத வச்சுப் பிள்ள எழுதுன?" என்று கேட்டார்.

"அப்பா கத்தலியே மாமா."

மாமா என் தலைமேல் கையை வைத்தார். வைத்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை. ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன் என்று மெச்சுகிறார் என்றுதான் நினைத்தேன். அதற்கு முந்திய மாதத்தையும் புரட்டிக் காட்டினேன்.