கிராஃபுக்குள் ஆறு விநாடி

சனிக்கிழமை காலை டேனியல் சார் வந்தார். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜில் லெக்சரர்; வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும். உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறந்தார்.

"ஏம்மா, இந்தக் கிராஃபுக்குள்ள எங்க மெர்சி குரல் இருக்குமா?"

மெர்சி அக்கா அவர் மனைவி. இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு சாரின் போன் பழுதாகி, அக்கா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது இந்த ஒரு கிராஃப். ஒலி அலை எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குக் காட்ட, அக்காவின் மெசேஜ் ஒன்றை எடுத்து, கம்ப்யூட்டரில் பைத்தான் மொழியில், கிராஃப் வரைய உதவும் மேட்ப்ளாட்லிப் வைத்து எப்போதோ வரைந்திருக்கிறார்.

படத்தில் குரல் ஏது? அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். ஃபைலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். சார் அதைப் படமாகச் சேமிக்கவில்லை. வகுப்பில் பெரிதாக்கிக் காட்ட வசதியாக, ஃபிகரையே, அதாவது கிராஃபை அதன் எண்களோடு, அப்படியே சேமித்திருந்தார்!

அப்படிச் சேமித்தால், கோடு வரைந்த புள்ளிகள் அத்தனையும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கும். கேட்டால் கொடுக்கும். கேட்டேன். ஒய் மதிப்புகள் வந்தன... லட்சக்கணக்கில் எண்கள். எக்ஸ் அச்சு நேரத்தைக் காட்டியதால், விநாடிக்கு எத்தனை புள்ளி என்பதும் தெரிந்தது. வேறென்ன வேண்டும்? அந்த எண்கள்தானே ஒலி அலை! அப்படியே ஆடியோ ஃபைலாக எழுதினேன்.

"சார்... போடட்டுமா?"

"செத்த இரும்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ம்."

"ஏங்க, பஸ் ஏறிட்டியளா? இங்க நல்ல மழை. வரும்போது மறக்காம..."

அக்கா குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"மிச்சம்?"

"கிராஃப்ல இம்புட்டுதான் சார் இருக்கு. ஆறு விநாடி."

"நாந்தான் வெட்டினேன்" என்றார். "பொறவு வாரது வீட்டு விஷயம்... பிள்ளைக சிரிக்கும்னு."

மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். நாலாவது தடவை, 'பஸ் ஏறிட்டியளா' என்றதும், "ஏறிட்டேன் மெர்சி" என்றார் — மெதுவாக, எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல.

காபி போடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

கிளம்பும்போது வாசலில் நின்றார். "என்ன வாங்கியாரச் சொல்லியிருப்பா? எம்புட்டு யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டேங்கு."

தெருமுனை வரை கூடப் போய் வழியனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜைப் பாதியில் நிறுத்தி 'ஓகே' போடுகிற ஆள் நான். இந்த வாரம் எல்லாவற்றையும் கடைசிவரை கேட்கிறேன்.

பெரும்பாலும் கடையில் நின்றுகொண்டு 'தேங்காய் வாங்கணுமா, பச்சை மிளகாய் வாங்கணுமா' என்பதுதான்... இருக்கட்டுமே!