கேட்ச் அக்காவும் விழுகிற ரேசரும்

முதியோர் இல்லத்தில் பதினோரு ஆண்களுக்கு முகச்சவரம் செய்துவிடுகிற அந்த அம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. இல்லத்தில் சமையல்காரர் முதல் காவல்காரர் வரை எல்லோருக்கும் அவள் கேட்ச் அக்கா. இந்தப் பட்டம் இங்கே கொடுத்ததல்ல. இதற்கு முன்னால் பதினான்கு வருடம் ஒரு பீங்கான் கடையில் வேலை பார்த்தாள், அங்கே வாங்கியது.

பீங்கான் கடை வேலை என்றால் தட்டைத் துடைத்து அடுக்குவதுதானே என்று இளக்காரமாக நினைப்பவர்கள் அரை நாள் அங்கே நின்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் கோப்பையைக் கையில் எடுப்பார், கூட வந்தவரிடம் பேசிக்கொண்டே அதை அலமாரியில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைப்பார். அது தரையைத் தொடுவதற்குள் ஒரு கை அங்கே இருந்தாக வேண்டும். இவள் கை இருக்கும். மூளைக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் கை போய், பிடித்து, திரும்பி வந்திருக்கும். ஒருமுறை முதுகுக்குப் பின்னால் விழுந்த தேநீர்க் குடுவையைத் திரும்பிப் பார்க்காமலே மூடியோடு பிடித்தாளாம். மூடியோடு என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம், குடுவை உண்மை.

முதலாளிக்கு வயதாகிக் கடையை மூடியதும் அவள் இந்த இல்லத்தில் சேர்ந்தாள். குளிக்க வைப்பது, நகம் வெட்டுவது என்று எல்லா வேலையும் பார்த்துவிட்டுக் கடைசியில் சவர அறையில் நிலைத்தாள். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கண்ணாடி, வெந்நீர்ப் பாத்திரம், சுவரோரம் ஒரு பெஞ்சு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரேசர், பிடியில் எண் ஒட்டியிருக்கும். தேய்ந்துபோனதைப் போட மூடி வைத்த மஞ்சள் டப்பா ஒன்று. தன் முறை வராதவர்களும் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த இல்லத்தில் பேச்சு நடக்கிற ஒரே அறை அதுதான்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. வயதானவர்களின் கன்னம் ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மடிப்பு. இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டால்தான் ரேசர் ஓடும். அவர்களில் பாதிப் பேர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள். கடுகளவு கீறினாலும் துண்டு நனைந்துவிடும். ஒன்றரை வருடத்தில் ஒருவர் முகத்திலும் அவள் ஒரு கீறல் போட்டதில்லை. இதை அவளே சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

பதினோரு பேரில் ஒருவர் மௌனசாமி. அது அவர் பெயரில்லை. தன்னைக் கேட்காமல் மகன் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டான் என்ற கோபத்தில் வந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவார். வேறு யாராவது ரேசரோடு வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். இவள் வந்தால் மட்டும் தாடையைத் தூக்கிக் காட்டுவார். இவளும் அவரிடம் தன் வீட்டு வம்பையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். நடுவில் குறுக்கே பேசாத ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமா?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ரேசர் விழாத வரை. சோப்பு நுரை பட்ட பிடி வழுக்கத்தான் செய்யும். முதல்முறை வழுக்கியபோது அவள் கை பதினான்கு வருடப் பழக்கத்தில் பாய்ந்து போய் அதை அலாக்காகப் பிடித்தது, பிளேடு பக்கமாக. உள்ளங்கையில் நாலு தையல். மூச்சு வாங்க ஓடிவந்த தலைமை நர்ஸிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, "தரையில படவே இல்ல சிஸ்டர்!"

தலைமை நர்ஸ் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், கறாரான பெண். "அக்கா, இது தட்டு இல்ல. விழுந்தா உடையாது, விழுந்துட்டுப் போகட்டும். கையை எடுத்துக்கணும், ஓரடி பின்னால நகரணும். அது ஆடி அடங்கினப்புறம் கையுறை போட்டு, பிளேடு எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்து, பிடியைப் பிடிச்சுத் தூக்கணும். அவ்வளவுதான், புரியுதா?"

புரிந்தது. அவளுக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. அடுத்த மாதம் இரண்டு விரல்களுக்கு நடுவே வெட்டு. அதற்கடுத்த மாதம் கட்டைவிரல். மூன்றாம் முறை கட்டுப் போடும்போது தலைமை நர்ஸ் சத்தம் போடாமல் பேசினாள்.

"அந்த ரேசர்ல இன்னொருத்தர் ரத்தம் இருந்து, அவங்களுக்கு ஒரு வியாதியும் இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இதுதான் கடைசி. இன்னொரு தடவை வெட்டிக்கிட்டு வந்தீங்கன்னா உங்களைத் துணி துவைக்கிற இடத்துக்கு மாத்திடுவேன். அங்க விழுந்தா துணிதான் விழும்."

சலவைக்கூடம் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. மூன்று இயந்திரங்கள், ஒரு வயர் கொடி, பேச்சுக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் மௌனசாமி வேறு யாரிடமும் முகத்தைக் கொடுக்க மாட்டார். தாடியும் மீசையுமாக அந்த மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தபோதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து புலம்பினாள். கணவர் பேருந்து ஓட்டுநர். பழக்கம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். தொலைக்காட்சியில் எதிரே லாரி வந்தால் வலது காலைத் தரையில் அழுத்துகிற ஆள் அவர்.

"கையைச் சும்மா இருன்னா இருக்காது. அதுக்கு வேற வேலை குடு," என்றார்.

"என்ன வேலைங்க?"

"ஏதாவது விழுந்தா கையைத் தட்டு. ரெண்டு கையும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிச்சுன்னா எதைப் போய்ப் பிடிக்கும்?"

மனுஷன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்று கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் இரண்டாவது முறையாக அவளுக்குத் தோன்றியது.

பயிற்சி அன்றைக்கே ஆரம்பித்தது. அவர் கரண்டியைப் போட்டார், அவள் பிடித்தாள். சீப்பைப் போட்டார், பிடித்தாள். நாற்பதாவது தடவை கரண்டி தரையில் விழுந்தது, அவள் கையைத் தட்டினாள். இருவரும் பரீட்சையில் பாஸான மாதிரி சிரித்தார்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. ரொம்பவே பழகிவிட்டது. சந்தையில் ஒருவர் பை கிழிந்து தக்காளியெல்லாம் உருண்டோட, இவள் நடுத்தெருவில் நின்று கைதட்டினாள். அவர் பார்த்த பார்வையில் இவள் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பினாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியார் முக்காலியில் ஏறிப் பரண் மேலிருந்த பெட்டியை எடுக்கப் போனார். முக்காலி சாய்ந்தது. மாமியார் சுருட்டி வைத்திருந்த மெத்தை மேல் பொத்தென்று உட்கார்ந்தார். மருமகள் வாசற்படியில் நின்று பளீரென்று கைதட்டினாள்.

"நான் விழுந்தது உனக்கு அவ்வளவு கொண்டாட்டமா?"

"ஐயோ அத்தை, இது ரேசருக்காகப் பழகினது!"

"நான் ரேசரா?"

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். மூன்று நாள் மாமியார் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னார். இதையும் அவள் ஒன்றுவிடாமல் மௌனசாமியிடம் ஒப்பித்தாள். நுரைக்கு அடியில் அவர் உதடு ஒரு பக்கமாக இழுபட்ட மாதிரி இருந்தது. சிரிப்பா, சோப்பு உப்புக் கரித்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை பெஞ்சில் தையல்காரரும் கணக்கு வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் முன்பு அந்தந்தத் தொழிலில் இருந்தவர்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள். மழை வருமா வராதா என்பதில்கூட ஆளுக்கொரு கட்சி. நாற்காலியில் மௌனசாமி. வலது கன்னம் முடிந்து இடது கன்னத்துக்கு அவள் ரேசரைக் கொண்டுபோன நேரத்தில் அவருக்கு ஒரு தும்மல் வந்தது. முகத்தில் பட்டுவிடக் கூடாதே என்று அவள் ரேசரைச் சட்டென்று இழுக்க, பிடி வழுக்கி அது கையை விட்டுப் போனது.

அவள் கைதட்டினாள். விரல் ஒன்றுகூட ரேசர் பக்கம் போகவில்லை. பயிற்சிக் கதை முழுக்கத் தெரிந்த தையல்காரரும் வாத்தியாரும் சந்தோஷத்தில் கூடச் சேர்ந்து தட்டினார்கள். அவளுக்கு ஒரு நொடி உலகமே குளிர்ந்துபோனது.

அடுத்த நொடி வலது கால் சுரீரென்றது. கைக்குச் சொல்லிக்கொடுத்து முடித்த அவளும் அவள் கணவரும் காலை அடியோடு மறந்திருந்தார்கள். ஓரடி பின்னால் நகர வேண்டும் என்று தலைமை நர்ஸ் சொன்னது காற்றோடு போயிருந்தது. ரப்பர் செருப்பில் திறந்து கிடந்த பெருவிரலுக்குப் பக்கத்தில் ரேசர் தலைகீழாக இறங்கி, ஒரு கோடு கிழித்துவிட்டுத் தரையில் படுத்திருந்தது. ரத்தம் செருப்பைத் தாண்டித் தரையில் சொட்டியது.

கைதட்டல் சத்தம் கேட்டு நடைக்கூடத்திலிருந்து தலைமை நர்ஸ் உள்ளே வந்தாள். அக்கா அவசரமாகக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். சொட்டிய ரத்தத்தை இழுத்துக்கொள்ள முடியுமா?

"இது என்ன ரத்தம்?"

முதலில் தையல்காரர்தான் துணிந்தார். "ரத்தமா? சிவப்பு மருந்தும்மா. கொட்டிருச்சு."

அதே சமயத்தில் வாத்தியார், "எனக்கு மூக்குல ரத்தம் வந்துச்சும்மா," என்றார்.

"மருந்தா, மூக்கா?"

வாழ்நாளில் முதல்முறையாக ஒரே கட்சியில் நின்ற இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். தலைமை நர்ஸ் நாற்காலியைச் சுற்றி வர ஒரு எட்டு எடுத்து வைத்தாள். அப்போது நாற்காலியிலிருந்து, துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி ஒரு குரல் வந்தது.

"என் ரத்தம். தாடையில கீறிருச்சு."

மௌனசாமி பேசினார். எட்டு மாதத்துக்குப் பிறகு பேசினார், அதுவும் வாய் கூசாமல் பொய் பேசினார். வாத்தியார் வாயைத் திறந்தபடி இருந்தார். தலைமை நர்ஸ் வைத்த காலை எடுக்க மறந்து நின்றாள். அந்த இடத்தில் அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் அவளுக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கீறலா? நான் உங்களைக் கீறினேனா? எங்க, காட்டுங்க பார்க்கலாம்! ஒன்றரை வருஷத்துல ஒருத்தர் முகத்துல என் ரேசர் கீறியிருக்கா? என்ன பேச்சு ஐயா இது? இது என் ரத்தம், என் கால்ல வந்தது!" என்று காலை இழுத்து எல்லோருக்கும் முன்னால் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மௌனசாமி கண்ணை மூடிக்கொண்டார். தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

தலைமை நர்ஸ் கையுறையை மாட்டினாள். பிளேடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, பிடியைப் பிடித்து ரேசரைத் தூக்கி மஞ்சள் டப்பாவில் போட்டாள். அக்காவைப் பெஞ்சில் உட்காரவைத்துக் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து கட்டுப் போட்டாள். "உங்களுக்கும் நாற்காலியில இருக்கிறவருக்கும் இன்னிக்கே ரத்தப் பரிசோதனை," என்றாள்.

"கைக்குத்தான் பழக்கினேன் சிஸ்டர்," என்றாள் அக்கா சின்னக் குரலில். "காலை நெனச்சே பார்க்கல."

"கையில ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பழைய தழும்புகள் மட்டும் இருந்தன.

தலைமை நர்ஸ் எழுந்து மேசைக்குப் போய் ஒரு தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். சலவைக்கூடத்துக்கு மாற்றல் எழுதப் போகிறாள் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண் நிறைந்தது. வேலை மாறுகிறதே என்று அல்ல, இந்த அறையை விட்டுப் போக மனசே இல்லை. இடது கன்னம் முழுக்க நுரையோடு மௌனசாமி உட்கார்ந்திருந்தார்; நுரை காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது.

"இவங்களை அனுப்பிட்டா மீதிப் பாதியை யார் பண்றது?" என்று கேட்டார் அவர். "நான் இப்படியேதான் இருப்பேன். என் பையன் வந்து பார்க்கட்டும்."

தலைமை நர்ஸ் அந்தப் பாதி முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, உங்க கால் நம்பர் என்ன?"

"என்ன சிஸ்டர்?"

"செருப்பு நம்பர். விரலை மூடின ஷூ வாங்கித் தரச் சொல்லி எழுதறேன். எத்தனை?"

அக்காவுக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் அதுவரை தேக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் வந்துவிட்டது. "ஏழு," என்று விம்மினாள். "வலது கால் இப்போதைக்கு எட்டு."