வால் கனக்கும் பருவம்

லமாரா கொகுவா பெட்டியைப் பார்ப்பதே இல்லை. பெட்டிக்காரரின் காலணியைத்தான் பார்ப்பார். பெட்டியைத் தராசுத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, பூட்ஸ் நுனியை நைசாக அதன் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்வது எங்கள் ஊர் ஆண்களுக்குக் கைவந்த கலை. லமாரா ஒன்றும் சொல்ல மாட்டார். சூரியகாந்தி விதையைக் கொறித்தபடியே அந்தப் பூட்ஸை ஒரு மிதி மிதிப்பார். ஆள் துள்ளி விலகுவார். தராசின் ஊசியும் துள்ளிக்கொண்டு வலப்பக்கம் ஓடும்.

"கால் வலிக்குதாண்ணே? பெட்டி பாரத்த நீங்க ஏன் தாங்குறீங்க? அதுக்குத்தான் விமானம் இருக்கே."

டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் கடலோர விமான நிலையத்தில் மனிதர்களை விட கமலா ஆரஞ்சுகள்தான் அதிகம். வடக்கே பனியில் கிடக்கும் அத்தனை சோவியத் நகரங்களுக்கும் புத்தாண்டு மேசையில் வைக்கப் பழம் வேண்டும். பழம் எங்களிடம் இருக்கிறது. லெனின்கிராடுக்குப் போகும் ஒவ்வொருவரும் அரைத் தோட்டத்தைப் பையில் அடைத்துக்கொண்டு வருவார்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

"பிரிஞ்சி இலைதான் அக்கா. காத்து மாதிரி இருக்கும்."

"பிரிஞ்சி இலைய எதுக்குய்யா ரெண்டு பேரு தூக்கிட்டு வர்றீங்க? செடியோட பிடுங்கி, மண்ணோட கட்டுனீங்களா?"

குள்ளமான உருவம். சிரித்தால் ஒரு தங்கப்பல் தெரியும். சிரிப்பது அபூர்வம் என்பதால் அந்தப் பல்லைப் பார்த்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். கணவர் வாலிகோவின் பழைய தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நின்றால், அந்தத் தராசுக்கு இன்னொரு கால் முளைத்தது போல இருக்கும். பயணிகள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் 'சுங்கச்சாவடி'. அது அவர் காதிலும் விழுந்தது. "சுங்கச்சாவடியில காசு கொடுத்தா விடுவாங்க. நான் விட மாட்டேன்" என்றார்.

வேலை வீடு வரைக்கும் கூடவே வரும். கல்யாண விருந்தில் நீளமான பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, வாழ்த்துரைக்காகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு முனையில் ஒருவர் எழுந்து நின்றால், லமாரா மறுமுனையில் இருக்கும் பருத்த மாமாவை நடுவுக்கு நகரச் சொல்வார். பேருந்தில் ஏறினால் பின் இருக்கையில் குவிந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. வாலிகோ பேருந்து ஓட்டுநர். "என் பொண்டாட்டி கட்டில்ல கூட நட்ட நடுவுலதான் படுப்பா. நான் விழுந்தா விழட்டும், கட்டில் சாயக் கூடாது" என்று பேருந்து நிலையத்தில் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

லமாரா முதலிலேயே தராசு வேலைக்கு வந்தவர் இல்லை. பயணச்சீட்டு ஜன்னலுக்குப் பின்னால், கணப்புக்குப் பக்கத்தில், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு சுகமாக இருந்தவர். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் இங்கிருந்து கிளம்பிய விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு எழும்பி, மூக்கை மேலே மேலே தூக்கிக்கொண்டே போய், கடலோர யூகலிப்டஸ் மரங்களுக்கு அப்பால் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மாவட்டத்தின் பழ அறுவடை இலக்கைத் தாண்டிவிட்டது என்ற செய்திதான் இருந்தது.

மாஸ்கோவிலிருந்து விசாரணைக் குழு வந்தது. தலைமை விமானி உஷாங்கி சுலாயாவின் தவறு என்று எழுதிவிட்டுப் போனது. செத்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை, எல்லோருக்கும் வசதி. உண்மை என்னவென்று ஊருக்கே தெரியும். அன்று அந்த விமானத்தின் பின்பக்கத்தில், கழிப்பறையை ஒட்டிய இடத்தில், கணக்கில் வராத பைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. வால் கனத்துவிட்டால் மூக்கு தானாக மேலே போகும். விமானி எவ்வளவு தள்ளினாலும் இறங்காது. ஆனால் அந்தப் பைகளைக் கொடுத்தது யார்? வேலி ஓரத்தில் நின்று, படிக்கட்டில் ஏறுகிறவர் கையில், "என் தம்பி அங்க படிக்கிறான், ஒரே ஒரு சின்னப் பை" என்று திணித்தது யார்? ஊரே திணித்தது. யாரையும் வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத ஊர் இது. அந்த விசாரணைக் குழுவைக்கூட ஆளுக்கு ஒரு கூடை பழத்தோடுதான் வழியனுப்பி வைத்தோம்.

உஷாங்கியின் மனைவி இசோல்டாதான் விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவர். கறுப்பு உடையோடு வீடு வீடாகப் போய்க் கேட்டார். "நீங்க ஒரு பை கொடுத்தீங்கன்னு மட்டும் எழுதிக் கொடுங்க. அவர் மேல தப்பு இல்லைன்னு ஆகட்டும்." எல்லோரும் அவரை உட்கார வைத்தார்கள், சாப்பிடச் சொன்னார்கள், கூடவே அழுதார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. லமாராவும் போடவில்லை. லெனின்கிராடில் படித்துக்கொண்டிருந்த தன் மகள் நெஸ்தானுக்காக அவரும் ஒரு சின்னப் பை கொடுத்திருந்தார். இசோல்டா படியிறங்கிப் போனதும் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்த வாரம், யாரும் விரும்பாத தராசு வேலையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி மேலதிகாரி முன்னால் போய் நின்றார்.

இந்த டிசம்பரில் லமாராவே ஒரு பயணி. நெஸ்தானுக்கு லெனின்கிராடிலேயே மாப்பிள்ளை அமைந்துவிட்டது. நிச்சயம் செய்ய வரச்சொல்லி சம்பந்தியம்மா அவ்குஸ்தா தொலைபேசியில் பேசினார். "ஒண்ணும் கொண்டு வராதீங்க, நீங்க வந்தாலே போதும்" என்றார். ருஷ்யர்கள் அதை மனதாரச் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர் காதில் அது, இவர்களிடம் என்ன இருக்கப் போகிறது என்று கேட்பது போல விழும். லமாரா இரண்டு நாள் தூங்கவில்லை.

"பொண்ணக் கட்டிக் கொடுக்கறோம். கைய வீசிக்கிட்டா போய் நிப்பேன்?"

"உன் தராசுல நிக்கிற அளவுக்குக் கொண்டு போ" என்றார் வாலிகோ.

அப்படியேதான் செய்தார். புகை போட்ட சுல்குனிப் பாலாடைக்கட்டி, வால்நட் அரைத்து ஊற்றிய வான்கோழி, நாக்கைச் சுடும் அஜிகா மிளகாய் விழுது, நெஸ்தான் பிறந்த வருடம் நட்ட மரத்திலிருந்து பறித்த பழங்கள். ஒரு பெட்டி, ஒரு கூடை. வீட்டுத் தராசில் நிறுத்தி, அனுமதித்த எடைக்கு மேல் ஒரு பழம் அதிகம் என்று தெரிந்ததும் அந்தப் பழத்தை உரித்துத் தானே சாப்பிட்டார்.

லமாரா கிளம்பிய அன்று அவருக்குப் பதிலாகத் தராசில் நின்றவர் தங்கமான மனிதர். இல்லை என்று சொல்ல நாக்கு வராது. லமாரா விமானத்தை நோக்கி நடக்கும்போதே வேலி ஓரத்தில் கைகள் நீளுவதைப் பார்த்தார். படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பழக்கத்தில் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே பளபளக்கும் எஃகுத் தண்டு, எப்போதும் இருப்பதை விட ஒரு சாண் கூடுதலாக வெளியே நீண்டிருந்தது. மூக்கில் பாரமே இல்லை. எல்லாம் பின்னால்.

நேராக விமானி அறைக்குப் போனார். தலைமை விமானி ரேவாஸ், நேற்று வரை லமாராவின் கண் முன்னால் துணை விமானியாக இருந்தவர்.

"ரேவாஸ், கீழ எறங்கி முன்சக்கரத்தப் பாரு."

"அத்தை, இன்னைக்கு நீங்க பயணி. போய் உக்காருங்க. மேகம் எறங்குது, இப்பவே நேரமாச்சு. கொஞ்சம் பாரம்னா இன்னும் கொஞ்சம் தூரம் ஓடி ஏறிக்கலாம்."

"உஷாங்கியும் அப்படித்தான்டா நெனச்சிருப்பான்."

ரேவாஸ் முகம் வெளிறிப்போனது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாரப் போய் எறக்கச் சொல்றது? எங்க மாமா கொடுத்ததும் அதுலதான் இருக்கு. அவங்க பைய எறக்கி வச்சுட்டு ஊருக்குள்ள நான் தலை காட்ட முடியுமா?"

லமாராவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இதே வெட்கம்தான் உஷாங்கியையும் தடுத்திருக்கும் என்று தோன்றியது. பின்பக்கம் போனார். கழிப்பறைக் கதவைத் திறக்க முடியாதபடி பைகள் நின்றன. முன்பே நிறுத்து ஏற்றியிருந்த அவருடைய பெட்டியும் கூடையும் அவற்றுக்கு நடுவே இருந்தன.

"இது யார் பை?"

ஒருவரும் திரும்பவில்லை.

"இந்தச் சாக்கு?"

"எங்களுது ரொம்பச் சின்னதும்மா" என்றது ஒரு குரல். "கொடுத்தனுப்பினாங்க, என்ன பண்றது" என்றது இன்னொரு குரல்.

"அன்னைக்கும் எல்லாமே சின்னப் பைதான்" என்றார் லமாரா. "அதுல ஒண்ணு நான் கொடுத்தது. இசோல்டா வந்து கேட்டப்ப நான் வாய் தொறக்கல. இப்பச் சொல்றேன். எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவர் தன் பெட்டியை ஒரு கையிலும் கூடையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு, நடைபாதை வழியே நடந்தார். சந்தையில் பழம் விற்கும் கிளிமெந்தி, மீசைக்காரர், இருக்கையிலிருந்து கையை நீட்டித் தடுத்தார்.

"உங்களுக்கென்ன பைத்தியமாக்கா? உங்களுது அளவாத்தானே இருக்கு! சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடயா போவீங்க?"

"கையோட போய்ச் சேந்தாலே போதும், கிளிமெந்தி."

படியிறங்கி ஈரமான கான்கிரீட்டில் இரண்டையும் வைத்தார். கூடையின் மேல் துணியை இழுத்து மூடினார். மறுபடி ஏறி வந்து தன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். தன் பெட்டியும் கூடையும் இறங்கியதால் மட்டும் அந்த வால் நிமிரப் போவதில்லை என்று அவரை விட யாருக்குத் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் கேட்டது கிளிமெந்தியின் கெட்ட வார்த்தை. பிறகு அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்த சத்தம். "போகுது போ, என் பழத்த மழை திங்கட்டும்!" என்று இரண்டு சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், ஒரு முதியவர், பிறகு வரிசையே கட்டிவிட்டது. கடைசியில் ரேவாஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, மாமாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். ஜன்னல் வழியாக லமாரா பார்த்தார். தூறலில் பைகள் வரிசையாக நின்றன. கட்டடத்திலிருந்து இசோல்டா குடையோடு வெளியே வந்து, அந்தப் பைகளின் பக்கத்தில் நின்றார். ரேவாஸ் அவர் அருகே போய், லமாராவின் ஜன்னலைக் காட்டி ஏதோ சொன்னார். இசோல்டா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். லமாரா சத்தம் போட்டே அழுதார், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

விமானம் ஓடி, சரியான இடத்தில் எழும்பி, மேகத்துக்குள் நுழைந்தது. யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. தாண்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

லெனின்கிராடில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் விமானம் வருகிறது என்றால் வாசலில் சந்தைக்காரர்களும் டாக்சிக்காரர்களும் முண்டியடிப்பார்கள். அன்று கதவைத் திறந்துகொண்டு அத்தனை பேரும் கையை வீசிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்து அவர்கள் திகைத்துப்போனார்கள். "என்னாச்சு, உங்க ஊர்ல மரமெல்லாம் பட்டுப்போச்சா?" என்றார் ஒரு டாக்சிக்காரர். கிளிமெந்தி அவரை முறைத்துவிட்டு நடந்தார்.

நெஸ்தான் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அம்மாவின் தோளுக்கு மேல் எட்டிப் பின்னால் பார்த்தாள்.

"அம்மா, பெட்டி?"

"இல்ல."

"கூடை?"

"அதுவும் இல்ல."

நெஸ்தானின் முகம் சுருங்கியது. அதற்குள் சம்பந்தியம்மா அவ்குஸ்தா, உயரமான பெண்மணி, சாம்பல் நிறத் தொப்பியோடு பக்கத்தில் வந்துவிட்டார். சுமையை வாங்கிக்கொள்வதற்காகக் கையை முன்னால் நீட்டியபடியே வந்தவர், வாங்க ஒன்றும் இல்லாததைக் கண்டு நின்றார். லமாரா வழியெல்லாம் ருஷ்ய மொழியில் ஒரு விளக்கத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். அதை அப்படியே விட்டுவிட்டு, வலது கையுறையைக் கழற்றினார், இடதையும் கழற்றினார், இரண்டையும் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டு, குளிரில் சிவந்த வெறும் கைகளை விரித்து அவர் முன்னால் நீட்டினார்.