மறுபாதி முகம்

கன்னிவாடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளிக்குக் கணினி பழுதுபார்க்கப் போனபோதுதான் அந்த டீச்சரைப் பார்த்தேன். ஒல்லியான உருவம், நெற்றியோர முடியில் மட்டும் நரை. மூன்றாம் வகுப்புக்குக் கணக்கில் சமச்சீர் உருவங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாதிப் படத்தை வரைந்தால் மறுபாதியைக் கணினியே கண்ணாடிபோல் வரைந்துவிடும். வரையுமுன் ஒவ்வொரு முறையும், குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோலத் திரையை முந்தானையால் மெல்லத் துடைத்தார்.

கண்மூடிய ஒரு சிறுமியின் பாதி முகத்தை வரைந்தார். கணினி வரைந்த மறுபாதியில் கண் திறந்திருந்தது.

"கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாச் சரியாயிரும் டீச்சர்," என்றேன்.

"வேற எது வரைஞ்சாலும் சரியாத்தான் சார் வருது. நீங்களே பாருங்க."

பாதி வண்ணத்துப்பூச்சி வரைந்தேன். இரண்டு சிறகும் ஒன்றுபோலவே வந்தன.

"அந்தப் புள்ள யாரு டீச்சர்?"

"இந்த வகுப்புத்தான். காய்ச்சல்ல போயிருச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொதல்ல ரெண்டு கண்ணும் மூடித்தான் வந்துச்சு. இந்த வாரந்தான் ஒண்ணு தெறந்திருக்கு. அழிச்சுராதீங்க சார்."

பழுது எதுவும் இல்லையென்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டீச்சரின் எண் என் போனில் இருக்கிறது. அடுத்த கண்ணும் திறந்ததா என்று கேட்க இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.