பச்சைத் திரைச்சீலையும் மனோகரியும்

மனோகரி இறந்த செய்தி என் மகள் மூலமாகத்தான் எனக்கு வந்தது. நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, மனோ அன்ரி காலமை போயிட்டா. ரவி அங்கிள் இப்பதான் எடுத்துச் சொன்னவர்" என்று தொலைபேசியில் சொன்னாள். மனோகரியின் வீடு இங்கே பீலெஃபெல்டில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. மகள் படிப்பதோ மியூனிக்கிற்குப் பக்கத்தில், கார்ஹிங்கில். செய்தி நாட்டின் மறுமுனைக்குப் போய்விட்டு என்னிடம் திரும்பி வந்திருந்தது. அழுகை வருவதற்கு முன் அதுதான் எனக்கு உறைத்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய கணவர் ரவி அண்ணை கேட்டார். மனோகரியை அறிந்த உங்களுக்கு அவருடைய நற்குணங்களை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மருந்துக்கடையில் அவர் நின்றால் பாதி வருத்தம் அங்கேயே மாறிவிடும் என்று சொன்னவர்கள் நீங்கள்தான். நான் வேறொன்றைச் சொல்கிறேன். எனக்கு மனோகரிமேல் பொறாமை. அவர் போன பிறகும் அது குறையவில்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் திரைப்பட வட்டத்தைத் தொடங்கினோம். படம் தேடுவது, மண்டபம் கேட்டு எழுதுவது, அறிமுக உரை தயாரிப்பது எல்லாம் என் வேலை. சஞ்சிகைகளில் பல வருடமாகத் திரை விமர்சனம் எழுதுகிறவள் என்பதால் அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. மனோகரி கடை பூட்டிக்கொண்டு நேரே வருவார். சில நாட்களில் படத்தின் முதல் காட்சிகளைத் தவறவிட்டிருப்பார். படம் முடிந்ததும் நான் பேசுவேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்பார்கள். பிறகு யாராவது ஒருவர் பின்வரிசையைப் பார்த்து, "மனோ, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்பார். அதற்குப் பிறகுதான் மண்டபத்துக்கு உயிர் வரும்.

வட்டத்தில் நாங்கள் காட்டிய ஒரு ஜெர்மன் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எல்பே ஆற்றில் படகோட்டும் ஒருவனின் மகள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அவள் திரும்பி வந்துவிட்டதாக அவனுக்கு அடிக்கடி கனவு வரும். குசினியில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்கும். எழுந்து ஓடிப்போய்க் குசினிக் கதவைத் திறப்பான். திறந்த உடனே விழித்துவிடுவான். கடைசிக் காட்சியிலும் அதே சத்தம். எழுந்து போகிறான். கதவின் கைபிடியில் கையை வைத்தபடி நிற்கிறான். திரை இருண்டுவிடுகிறது. மகள் உண்மையாகவே வந்துவிட்டாளா, அதுவும் கனவா என்று படம் சொல்வதில்லை.

அது கனவு என்று நான் நிறுவினேன். படத்தை மூன்று முறை பார்த்துக் கண்டுபிடித்த விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. நிஜக் காட்சிகளில் அவன் அறையின் திரைச்சீலை சாம்பல் நிறம், கனவில் பச்சை. கடைசிக் காட்சியில் அது பச்சை. இதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தபோது ஒரு சிறிய முணுமுணுப்பு எழுந்தது. வெற்றி என்று நினைத்தேன்.

"ஏன், ஒரு வீட்டிலை ஒரு திரைச்சீலைதானோ இருக்கும்?" என்றார் மனோகரி. "மற்றதைத் தோய்க்கப் போட்டிருப்பான்."

மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "கனவிலை அவன் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்த் திறக்கிறான். இப்பதான் முதல் தரம் நிக்கிறான். ஏன் நிக்கிறான்? பயம். உள்ளுக்கை உண்மையிலை பிள்ளை நிண்டால்தானே என்ன கதைக்கிறதெண்டு பயம் வரும்" என்றார்.

 முன்வரிசையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கணவர் மெல்ல என் பக்கம் சாய்ந்து, "அவ சொல்லுறதிலையும் விஷயம் இருக்கு" என்றார். அன்று வீடு வரும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மகள் அந்தப் படத்தை மியூனிக்கில் பார்த்தாள். படத்தைப் பற்றிச் சஞ்சிகையில் கட்டுரை எழுதியவள் தாய். ஆனால் கார்ஹிங் திரும்பும் ரயிலில் இருந்து அவள் அழைத்தது மனோகரியை. இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்களாம். மறுநாள் என்னிடம், "நான் அன்ரியின்ரை பக்கம்தான் அம்மா" என்று சொன்னாள். "என்னட்டை ஏன் கேக்கேல்லை?" என்றேன். "நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டன்தானே" என்றாள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமூட்டியது.

பிறகு அந்தப் படத்தின் இயக்குநரை எங்கள் வட்டத்துக்கு அழைத்தேன். சம்மதம் வாங்கவே பெரும்பாடு. கடைசிக் காட்சி பற்றி மேடையில் கேட்டபோது, இப்படிப்பட்டவர்கள் வழக்கமாகச் செய்வதுபோலத் தோளைக் குலுக்கிவிட்டார். நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிவிட்டு நான் வெளியே வந்தால், எதிரேயிருந்த கோப்பிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அவரும் மனோகரியும் பழைய சிநேகிதர்போல உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் கேட்டேன். "கடைசிக் காட்சியைப் பற்றிச் சொன்னவரோ?"

"ஓம், சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"அதை உமக்குச் சொல்ல ஏலாது" என்று சிரித்தார்.

நான் விடவில்லை. சந்திக்கும்போதெல்லாம் எங்கள் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். கனவு என்று நான் புதிதாக ஒரு காரணம் கொண்டுபோவேன். அவர் ஒரே வசனத்தில் அதை உடைப்பார். கடைசி மாதங்களில் நோய் அவரைக் கட்டிலோடு போட்டது. சூப் காய்ச்சிக்கொண்டு போன ஒரு பின்னேரம், "இப்பவாவது சொல்லும் மனோ" என்றேன். தலையணையை உயர்த்தச் சொன்னார். சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நீர் முதல்லை அந்தத் திரைச்சீலையை விடும்" என்றார். அன்று சூப் ஆறிப்போகும்வரை சண்டை போட்டோம். வெளிறிய முகத்தில் இரத்தச் சிவப்பு ஏறியது அவருக்கு. படுத்த படுக்கையிலும் இவரே வெல்கிறார் என்ற எரிச்சலோடுதான் நான் படியிறங்கினேன்.

தகனம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ரவி அண்ணை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த இடத்தில் கேட்கக்கூடாதுதான். கேட்டுவிட்டேன். அந்த இயக்குநர் என்ன சொன்னார் என்று உங்களுக்காவது தெரியுமா?

"தெரியும். கனவு எண்டுதான் சொன்னவராம்" என்றார் அவர். "நீங்கள் சொன்ன திரைச்சீலை விஷயமும் சரியாம். வேணுமெண்டுதான் அப்பிடிச் செய்தவையாம்."

இத்தனை காலம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள். எதிரேயிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரவில்லை. "பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"நானும் கேட்டனான். 'சொன்னால் அவ வெண்டிட்டன் எண்டு போயிடுவா. பிறகு ஆர் என்னோடை வந்து சண்டை பிடிக்கிறது' எண்டவ."

 எனக்கு இன்னொன்று கேட்க இருந்தது. "அந்தாள் அப்பிடிச் சொல்ல, மனோ என்ன சொன்னவ?"

ரவி அண்ணைக்கு அழுகையோடு ஒரு சிரிப்பு வந்தது. "'படத்தை எடுத்தது நீங்கள். பாத்தது நான்' எண்டு சொன்னவவாம். அந்தாள் எழும்பிப் போய் இவவுக்கு இன்னொரு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தவராம்."

சரியான விடை என்னிடம் இருந்தது. அந்தப் படகோட்டியின் மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தவர் மனோகரி. படத்தைச் செய்தவரே எதிரில் உட்கார்ந்து பிழை என்று சொன்ன பிறகும் மனோகரி அவளைத் திரும்ப அனுப்பவில்லை. என் விடை பிழை என்று இயக்குநர் என்னிடம் சொல்லியிருந்தால் நான் அன்றே கட்டுரையைத் திருத்தி எழுதியிருப்பேன்.

இவ்வளவு காலம் எழுதியும் அவர் இயக்குநருக்குச் சொன்ன அந்த இரண்டு சின்ன வசனங்களைப்போல ஒன்று எனக்கு அமையவில்லை. மனோகரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவற்றைத்தான். இனி எந்த மேடையில் சொன்னாலும் அவர் பெயரைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்வேன்.