ஊட்டுக்கு ஒரு மார்க்

போன வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பரமத்தி வேலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். மழைக்குக்கூட அங்கே ஒதுங்காத நான், குழந்தைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன்.

"பாஸாகலைன்னா இனிமே ஒருத்தரையும் கேலி பேச மாட்டேன்" என்று வெற்றிலைக் கொடிக்காலில் எல்லோர் முன்பும் சவால் விட்டிருந்தேன். கேலி பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கெங்கவல்லியிலிருந்து வாழ வந்த என் மருமகள்தான் மூன்று மாதம் பொறுமையாக எழுத்துச் சொல்லித் தந்தாள்.

தாளில் ஒரு படம். ஓட்டுக் கூரை, கதவு, ஜன்னல். பெயர் எழுத வேண்டும். யோசிக்கவே இல்லை, 'ஊடு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அங்கேயே உட்கார்ந்து தாள் திருத்தியது, சமூகவியல் படிக்கும் ஒரு கல்லூரிப் பெண். பேனா அந்த இடத்தில் நின்றது.

"ஆயா, இது வீடுங்க."

"நான் குடியிருக்கறது ஊடுதான் சாமி. வேணும்னா வந்து பாரு."

சிரித்தவள், சட்டென்று யோசனையில் ஆழ்ந்தாள். "எது சரி, எது தப்புன்னு முடிவு பண்றது யாருன்னு கேக்கணும்னுதான் எங்க காலேஜ்ல சொல்லித் தராங்க ஆயா. ஆனா இந்தத் தாளுக்கு ஒரே விடைதான் குடுத்திருக்காங்க."

"கேக்கச் சொன்னவங்க, மார்க்குப் போடச் சொல்லலையா?"

சொல்லவில்லை போலிருக்கிறது. தயங்கித் தயங்கித் தப்பு போட்டாள். ஒரே ஒரு மார்க்கில் ஃபெயில்.

வரும் வழியெல்லாம், கூட்டிப்போக வந்திருந்த மருமகளிடம் பொருமினேன். "எவனோ வீடுன்னு அச்சடிச்சா, நாம பேசறது தப்பாயிருமா அம்மிணி?"

மருமகள் செருப்பைப் பார்த்தபடியே நடந்தாள். "ஆயிடும் அத்தை. எங்கூர்ல பேசற மாதிரி நான் சோறு துன்னலாம்னு சொன்னது இங்க தப்பாவலையா?"

கல்யாணமாகி வந்த மறுநாள் அவள் அப்படிச் சொன்னதை, வந்த விருந்தாளிகளிடமெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தவள் நான். அவள் வாய் திறப்பதே குறைந்துபோனதை அடக்கம் என்று நினைத்திருந்தேன். நான் எழுத்துக்கூட்டத் திணறிய மூன்று மாதத்தில் அவள் ஒருநாளும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தட்டு வைத்தேன். "வா சாமி, சோறு துண்ணலாம்."

"துண்ணலாம் இல்ல அத்தை, துன்னலாம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அதிலும் ஃபெயில்!

அடுத்த பரீட்சையில் 'வீடு' என்று எழுதிப் பாஸாகிவிட்டேன். கேலியும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் யாராவது எனக்குப் பழக்கமில்லாத ஒரு சொல்லைச் சொன்னால், சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றுகொள்கிறது, "உங்கூர்ல இன்னும் எதையெதை எப்படிங்க சொல்லுவீங்க?" என்ற கேள்விதான் இப்போது முந்திக்கொண்டு வருகிறது.